பின்னால் வரும் வண்டி

மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இக்காலத்திலும், நம் சங்கங்களின் வாயிலில் சைக்கிள்கள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. பாவும் ஊடை நூலும் வாங்கிச் செல்லும் நெசவாளர், நெய்து முடித்த போர்வைகளையும் ஜமக்காளங்களையும் கட்டிக்கொண்டு வருபவர், விடியுமுன் பால் ஊற்ற வரும் விவசாயி, வாழைத்தாரோ புல்கட்டோ ஏற்றிச் செல்பவர் ஆகிய பலருக்கும் பெட்ரோல் செலவில்லாத இவ்வண்டியே துணை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாமல் வழங்கும் சைக்கிளும் இதே சாலைகளில்தான் ஓடுகிறது. அப்பிள்ளைகளுள் பலர் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளே.

சாலையோ பெரிதும் மாறிவிட்டது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர் என்றும், அவருள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. மோதிய விதத்தைக் கொண்டு வகை பிரித்துப் பார்த்தால், பின்னாலிருந்து மோதிய விபத்துக்களே அவ்வாண்டில் மிகுதி. இக்கணக்கு எல்லா வண்டிகளையும் சேர்த்தது. சைக்கிளுக்கு மட்டும் உரியதன்று. எனினும், சைக்கிளில் செல்வோர் முதுகுப்புறத்தை எண்ணி அஞ்சுவது வீண் அச்சமன்று என்பதை இது காட்டும். சாலை விதிகள் முழுவதையும் இங்கே எழுதப் புகவில்லை. நம்மைக் கடந்து செல்லும் மோட்டார் வண்டி நம்மைத் தொடாமல் செல்வதற்கு நாம் செய்யக்கூடியது என்ன என்ற ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம்.

"ஓரமாகப் போ" என்பது எல்லோரும் சிறுவயது முதல் கேட்டுவரும் புத்திமதி. அது பாதி சரியானது. சாலையின் இடப்புறத்தில் செல்லவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பிலேயே சக்கரத்தை உருட்டிச் செல்வதுதான் பாதுகாப்பு என்று எண்ணுவதை நாம் ஏற்பதற்கில்லை. நம் கிளைச்சாலைகளில் பழைய தாரின்மேல் புதுத் தார் போட்டுப் போட்டு, விளிம்பு பல இடங்களில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு ஏறி நிற்கிறது. முன்சக்கரம் ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால், ஓடும் வண்டியை அப்படியே வலப்புறம் ஒடித்து மீண்டும் தாரில் ஏற்றப் பார்ப்பது மனித இயல்பு. சக்கரமோ விளிம்புக்கு இணையாக உரசிக்கொண்டே போகுமேயன்றி ஏறாது. வண்டி வலப்புறம், அதாவது பின்னால் வரும் லாரியின் பாதையில், சாயும். மண்ணில் இறங்கிவிட்டவர் அங்கேயே வேகத்தைக் குறைத்து நின்று, காலூன்றிப் பின்னால் பார்த்து, அதன்பின் வண்டியைத் தூக்கித் தாரில் வைப்பதே முறை. இதற்கு அரை நிமிடம் ஆகும்.

விளிம்பில் செல்வதால் வரும் மற்றொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. சைக்கிள் ஓரத்தை ஒட்டிச் சென்றால், பின்னால் வரும் ஓட்டுநர் தமக்குப் போதிய இடம் இருப்பதாக எண்ணி, வேகத்தைக் குறைக்காமலே கடந்துவிடப் பார்ப்பார். சைக்கிள் இரண்டு அல்லது மூன்றடி உள்ளே சென்றால், "இதைக் கடக்க நான் சற்று வலப்புறம் விலகவேண்டும்" என்பது அவருக்குத் தொலைவிலேயே தெரிந்துவிடும். ஆகவே, சாதாரண ஊர்ச்சாலையில் விளிம்பிலிருந்து இரண்டு மூன்றடி உள்ளே, வளையாமல் நெளியாமல் ஒரே கோட்டில் செல்லும் பழக்கமே நல்லது. பள்ளத்தைக் கண்டு திடீரென விலகுதல், பின் மீண்டும் ஓரத்துக்கு வருதல் என மாறிமாறிச் செல்பவரின் அடுத்த அசைவைப் பின்னால் வருபவர் கணிக்க முடியாது. பள்ளம் முன்னே தெரிந்தால், இருபது முப்பது அடிக்கு முன்பே பின்னால் பார்த்துவிட்டு மெல்ல விலகவேண்டும். வண்டி வருகிறது எனில் பள்ளத்திலேயே மெதுவாக இறங்கி ஏறுவது மேல்.

இனி ஒரு சிறு கணக்கு. அங்கத்தினர் சிறிது பொறுமையுடன் படிக்கவேண்டுகிறோம். பாடத்தின் உயிர்நிலை இதில்தான் உள்ளது. சைக்கிளின் கைப்பிடி ஏறக்குறைய இரண்டடி அகலம், அதாவது 60 சென்டிமீட்டர். சக்கரம் விளிம்பிலிருந்து 75 சென்டிமீட்டர் உள்ளே உருள்கிறது எனில், கைப்பிடியின் வலது முனை விளிம்பிலிருந்து 1.05 மீட்டரில் நிற்கும். சைக்கிளைக் கடக்கும் வண்டி எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதைச் சில நாடுகள் சட்டத்திலேயே எழுதியிருக்கின்றன. பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே 1.5 மீட்டர். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர். நாம் 1.5 மீட்டர் என்றே கொள்வோம். அப்படியானால் காரின் இடப்பக்கம் விளிம்பிலிருந்து 2.55 மீட்டரில் இருக்கவேண்டும். கார் ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலம். கூட்டினால் 4.25 மீட்டர் ஆகிறது.

நம் நாட்டில் இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு பொதுவாக 7 மீட்டர். அதில் பாதி மூன்றரை மீட்டர். ஆகவே, சைக்கிளை முறையாகக் கடக்க விரும்பும் கார், நடுக்கோட்டைத் தாண்டி முக்கால் மீட்டர் எதிர்ப்பாதியில் சென்றாக வேண்டும். எதிரே வண்டி வரும்போது அவ்வாறு தாண்டுதல் இயலாது. ஆக, எதிர்வண்டி ஒன்றும் பின்வண்டி ஒன்றும் ஒரே நேரத்தில் நம் அருகே வந்து சேர்வதே பேரபாயமான இடம். மூன்று வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. அம்மூன்றில் விட்டுக்கொடுக்கப்படுவது சைக்கிளின் இடமே. பின்னால் வரும் ஓட்டுநர் நிதானமுள்ளவராயின் எதிர்வண்டி போகும்வரை காத்திருப்பார். அவரை நம்பியிராமல் நாமும் ஒன்று செய்யலாம். எதிரே பஸ் வருவதைக் கண்டு, பின்னாலும் இரைச்சல் கேட்டால், மிதிப்பதை நிறுத்தி வேகத்தைக் குறைத்தாலே போதும். அவ்விரு வண்டிகளும் நமக்கு முன்னே ஓரிடத்தில் ஒன்றையொன்று கடந்துவிடும். மிதித்து முந்திவிட எண்ணுவதுதான் ஆபத்து. சங்கத்துக்கு இரண்டு நிமிடம் தாமதமாக வந்த நெசவாளருக்கு எந்தச் சங்கமும் கூலியைக் குறைத்ததாக நாம் அறியோம்.

ஒருவழி அகலமே உள்ள கிராமச் சாலைகள் 3.75 மீட்டர்தான். மேலே கண்ட 4.25 மீட்டர் அங்கே கிடையவே கிடையாது. அத்தகைய சாலையில் கார் வந்தால் ஒருவர் நின்றாக வேண்டும். தார்விளிம்பு தாழ்ந்து, மண் கெட்டியாக உள்ள இடமாகப் பார்த்து, கார் நெருங்குவதற்கு முன்பே, நாமாக இறங்கி நின்று வழிவிடுதல் நலம். கடைசி நொடியில் ஒலிப்பானுக்குப் பயந்து இறங்குவதும் முன்கூட்டியே இடம் தேர்ந்து இறங்குவதும் ஒன்றல்ல.

ஒலிப்பானைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். நம் ஓட்டுநர்களுள் பலர், "நான் வருகிறேன், உள்ள கோட்டிலேயே போ" என்பதற்கும், "விலகு" என்பதற்கும் ஒரே ஒலியைத்தான் எழுப்புகிறார்கள். காதருகே அது அலறியதும் சைக்கிளில் செல்பவர் திடுக்கிட்டுத் தலையைத் திருப்புகிறார். தலை திரும்பிய பக்கமே கையும் திரும்புகிறது. வலப்புறத் தோளுக்கு மேலாகப் பார்த்தால் வண்டி வலப்புறமே நெளியும். ஒலி கேட்டவுடன் செய்யவேண்டியது, நேரே பார்த்துக் கைப்பிடியை இறுகப் பிடிக்காமல் ஆனால் உறுதியாக வைத்துக்கொண்டு, அதே கோட்டில் செல்வதே. திரும்பிப் பார்க்கும் பயிற்சியை வண்டியில்லாத களத்திலோ பள்ளி மைதானத்திலோ தனியே பழகிக்கொள்ளலாம். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கோட்டைவிட்டு விலகாமல் வலத்தோளுக்கு மேல் பார்க்கப் பழகினால், ஒரு வாரத்தில் கைவரும். பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்காமல் நெடுஞ்சாலைக்கு அனுப்புதல் தகாது. கழுத்துப் பிடிப்புள்ள முதியோரும் பெரிய கட்டு ஏற்றியவரும் திரும்பிப் பார்க்க இயலாது. அவர்கள் கைப்பிடியின் வலப்புறத்தில் ஒரு கண்ணாடி பொருத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காதை மட்டும் நம்பிய காலம் போய்விட்டது. மின்கலத்தால் ஓடும் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் கார்களும் மெதுவாக வரும்போது ஓசையே எழுப்புவதில்லை. அன்றியும், ஒரு பஸ் நம்மைக் கடந்ததும் "போயிற்று" என்று நிம்மதியாக வலப்புறம் ஒதுங்குவோர் பலர். அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு இன்னொரு கார் வரும். பஸ்ஸின் மறைவில் அக்கார்க்காரர் நம்மைக் கண்டிருக்கவே மாட்டார். அவருடைய ஓசையும் பஸ்ஸின் ஓசையில் அமுங்கிப்போகும். முதல் வண்டி போனபின் இரண்டாவது இல்லை என்று தெரியும்வரை கோட்டை மாற்றலாகாது. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு செல்லும் இளைஞர், இருக்கும் ஒரு துணையையும் தாமே அடைத்துக்கொள்கிறார்.

பெரிய பஸ்ஸோ லாரியோ வேகமாகக் கடக்கும்போது, அதன் முகப்பு காற்றைப் பக்கவாட்டில் தள்ளும்; உடல் கடந்தபின் காற்று உள்ளே இழுக்கும். முதலில் இடப்புறம் தள்ளப்பட்டவர், அதைச் சமாளிக்க வலப்புறம் சாய்ந்திருக்கும் அதே கணத்தில் உள்நோக்கி இழுக்கப்படுகிறார். போர்வைக் கட்டு எடையில் குறைவு, பரப்பில் அதிகம். பாய்மரம்போல் காற்றை வாங்கும். ஆகையால், துணிக்கட்டை அகலவாட்டில் கட்டாமல் சைக்கிளின் நீளவாட்டில், கைப்பிடியின் அகலத்துக்கு மேல் போகாதபடி, இறுக்கிக் கட்டவேண்டும். ஓட்டுநர் நம் அகலத்தைச் சக்கரத்தையும் முதுகையும் கொண்டுதான் மதிப்பிடுகிறார். பக்கத்தில் ஓரடி நீண்டிருக்கும் பொருள் அவர் கணக்கில் வராது. மண்வெட்டியைப் பின் தாங்கியில் குறுக்காகச் செருகிக்கொண்டு வயலுக்குப் போகும் வழக்கத்தை விவசாய அங்கத்தினர் உடனே விட்டுவிட வேண்டும். அக்காம்பின் நுனியைக் கார் ஒன்று தட்டினால் போதும். வண்டி அந்த இடத்திலேயே சுழன்று விழும். பால்கேனை ஒரே பக்கம் தொங்கவிட நேரின் இடப்பக்கமே தொங்கவிடுக. வேட்டி, சேலை முந்தானை இவை சக்கரத்தில் சிக்காதபடி பார்த்துக்கொள்வது எல்லோரும் அறிந்ததே.

"எதிர்த்திசையில் சென்றால் வரும் வண்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாமே" என்று சிலர் நம்மிடம் வாதிடுவதுண்டு. நடந்து செல்பவருக்கு அது பொருந்தும். நடைபாதையில்லாத சாலையில் நடப்பவர் வலப்புறமாக, வண்டிகளை எதிர்நோக்கி நடப்பதே நல்லது. சைக்கிளுக்கு அது பொருந்தாது. காரின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், சைக்கிளின் வேகம் 15 என வைத்துக்கொள்வோம். ஒரே திசையில் சென்றால் கார் நம்மை நெருங்கும் வேகம் 45. எதிர்த்திசையில் சென்றால் 75. ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஓட்டுநர் நம்மைக் கண்டால், முதல் வகையில் அவருக்கு 4 வினாடி கிடைக்கும். இரண்டாம் வகையில் இரண்டரை வினாடிகூட இல்லை. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், அடியும் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகும். அன்றியும், கிளைச்சாலையிலிருந்து இடப்புறம் திரும்பிப் பெருஞ்சாலையில் சேரும் ஓட்டுநர், தமக்கு வலப்புறமிருந்து வருவோரையே பார்ப்பார். இடப்புறமிருந்து சைக்கிள் வரும் என்று அவர் எண்ணமாட்டார்.

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் செல்லும் 544-ஆம் எண் நெடுஞ்சாலை, பவானி, பெருந்துறைப் பகுதிகளில் நம் சங்கங்களுக்கு வெகு அருகில் செல்கிறது. அத்தகைய நான்குவழிச் சாலைகளில், அடுத்த சுரங்கப்பாதைவரை சென்று சுற்றிவரச் சோம்பி, எதிர்த்திசையில் வருவோர் உண்டு. ஒரு கிலோமீட்டர் மிச்சப்படுத்த இது பெரிய விலை. மேலே சொன்ன "இரண்டு மூன்றடி உள்ளே" என்ற விதியும் இச்சாலைகளுக்கு உரியதன்று என்பதை மறவாதீர். அணுகுசாலை இருக்குமிடத்தில் அதிலேயே செல்க. அது இல்லாத இடத்தில், ஓர வெள்ளைக்கோட்டுக்கு வெளியே உள்ள தார்ப்பட்டையில் செல்க. அப்பட்டையை அடைத்துக்கொண்டு பழுதான லாரி நின்றால், சைக்கிளிலிருந்து இறங்கி, பின்னால் பார்த்து, தள்ளிக்கொண்டே லாரியைச் சுற்றிவருக. வலப்புறம் திரும்பவேண்டியவரும் ஓடுகிற வண்டிகளுக்கிடையே கைகாட்டிக்கொண்டு நுழையாமல், இடப்புறத்திலேயே நின்று இறங்கி, இருபுறமும் பார்த்துத் தள்ளிக்கொண்டு கடப்பதே தக்கது. ஊர்ச்சாலைகளில் கைகாட்டித் திரும்பலாம். ஆனால் கைகாட்டுவதற்கு முன் பின்னால் பார்த்தாக வேண்டும்.

சந்தை நாளில் கடைவீதியில் செல்பவருக்கு வேறுவகை ஆபத்து. நிறுத்தியிருக்கும் காரின் கதவு எந்த நேரமும் திறக்கப்படலாம். நிற்கும் கார்களிலிருந்து மூன்றடியாவது விலகிச் செல்லுதல் வேண்டும். உள்ளே தலை தெரிந்தால் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் இடையே நுழைதல் கூடாது. திருப்பத்தில் நிற்கும் நீண்ட லாரியின் இடப்புறத்தில் போய் நிற்பதும் கூடாது: முன்சக்கரம் ஒரு வட்டத்தில் செல்ல, பின்சக்கரங்கள் அதைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும், லாரியின் முன் இடமூலையில் நிற்பவர் ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியமாட்டார். கரும்பு லாரியின் பின்னால் காத்திருப்பதே அதன் பக்கத்தில் இருப்பதைவிடப் பாதுகாப்பு.

இரவும் விடியற்காலையும் நம் அங்கத்தினருக்கு மிகவும் கொடியவை. தீபாவளிக்கு முன்னே தறி ஓயாத மாதங்களில் நெசவாளர் இருட்டியபின் சங்கத்திலிருந்து திரும்புகிறார். பால் ஊற்றுபவரோ ஆண்டு முழுவதும் இருட்டில் கிளம்புகிறார். ஊராட்சிகளும் நகராட்சிகளும் சைக்கிளுக்கு வரி விதித்து வில்லை கொடுத்துவந்த காலத்தில், விளக்கின்றிச் சென்றால் காவலர் நிறுத்திவிடுவார். இன்று நிறுத்துவாரில்லை, ஆதலால் விளக்கும் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, காலால் தடையை மிதித்து, வண்டி நிற்பதற்குள் உலர்ந்த சாலையிலேயே சுமார் 40 மீட்டர் ஓடிவிடும். எதிர்வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசிய ஓட்டுநர், கருஞ்சட்டை அணிந்து விளக்கின்றிச் செல்பவரை 40 மீட்டரில் காண்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பின்புறம் சிவப்பு விளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்பு வில்லையும் வேண்டும். ஆனால் அது வண்டியின் விளக்கு தன்மீது பட்டால்தான் ஒளிரும் என்பதையும், புழுதி படிந்தால் ஒளிராது என்பதையும் நினைவிற்கொள்க. நாம் சங்கங்களுக்குச் செல்லும்போதெல்லாம் காண்பது ஒன்று: மட்கார்டில் நல்ல வில்லை இருக்கிறது, அதன்மேல் நூல்கட்டு தொங்கி அதை முற்றிலும் மறைக்கிறது! வெள்ளை வேட்டியும் சட்டையும் இருட்டில் ஓரளவு உதவும். கட்டு முதுகை மறைத்துவிட்டால் அவ்வுதவியும் இல்லை. ஆகவே, ஒளிப்பட்டையைச் சைக்கிளில் ஒட்டுவதோடு நில்லாமல், ஒரு முழம் ஒளிப்பட்டை தைத்த கித்தான் துண்டைக் கட்டின் வெளிப்புறத்தில் கட்டிக்கொள்ளவேண்டும். பால்கேனின் கழுத்தில் ஒரு சுற்று ஒட்டிவிடலாம். பெடல்களில் உள்ள மஞ்சள் வில்லைகள் உதிர்ந்துபோனால் மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். மேலும் கீழும் ஏறியிறங்கும் அச்சிறு ஒளி, முன்னே போவது சைக்கிள், அதில் மனிதர் இருக்கிறார் என்பதை ஓட்டுநருக்கு வேறெதனினும் விரைவில் தெரிவிக்கும். மழைக்காலத்தில் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அந்நாட்களில் வேகத்தைக் குறைப்பதன்றி வேறு வழியில்லை.

இவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே கடைக்குச் சென்று வாங்குவர் என எதிர்பார்ப்பதைவிட, சங்கமே மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுப்பது எளிது. நூலையும் உரத்தையும் அவ்வாறுதானே கொடுக்கிறோம். ஒளிப்பட்டை ஒரு சுருளாக வாங்கினால் நூறு சைக்கிளுக்கு வெட்டிக் கொடுக்கலாம். இலாபப் பங்கீட்டில் பொதுநன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து இச்செலவைச் செய்ய இயலுமா என்பதை நிர்வாகக் குழு தன் துணைவிதிகளைப் பார்த்து முடிவு செய்யட்டும். கூலி கொடுக்கும் நாளில் வாயிலில் நிற்கும் சைக்கிள்களை ஒருவர் சுற்றிப்பார்த்து, வில்லை மறைந்த கட்டுகளைச் சுட்டிக்காட்டினாலும் போதும்.

இவ்வளவுக்குப் பின்னும் விபத்து நேரக்கூடும். 108-க்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்ப்பவரைச் சட்டம் காக்கிறது. சாட்சிக்கு இழுப்பார்களோ என்று அஞ்சி ஒதுங்கவேண்டியதில்லை.

மோதிய வண்டி நில்லாமல் ஓடிவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று எண்ணுவோர் பலர். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் திட்டப்படி, ஓடிப்போன வண்டியால் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் உற்றவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. விண்ணப்பத்தை வருவாய்க் கோட்ட அளவில் உள்ள விசாரணை அலுவலரிடம் கொடுக்கவேண்டும். வண்டி அடையாளம் தெரிந்தால், அதன் காப்பீட்டின்பேரில் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுவது நலம். நெசவாளருக்கு மாதச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆதலால், வருமானத்தை மெய்ப்பிக்கச் சங்கத்தின் கூலிப் பதிவேடும், விவசாயிக்குப் பால் சங்கத்தின் பட்டுவாடாக் கணக்கும் பெரிதும் பயன்படும். அவற்றின் நகலைச் செயலாளர் காலம் தாழ்த்தாமல் கொடுக்கவேண்டும். இரு வகைக்கும் காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை தேவை. புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அடிபட்ட சைக்கிளைக் காவலர் பார்த்து எழுதிக்கொள்ளும்வரை பழுது பார்க்கக் கடைக்கு அனுப்பாமல் அப்படியே வைத்திருங்கள்.